ஒண்ணரை நூல் பித்தளை

வியாழக்கிழமை சாயங்காலம் நூற்று அறுபதாவது மரத்தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உப்புத்தாள் மிஷினின் அடித்தகடு கழன்று பறந்தது. பறந்த தகடு கற்பகவல்லியின் இடது முழங்காலுக்குக் கீழே அடித்து, சுவரில் மோதி, கோழிக்கூட்டுப் பக்கம் போய் விழுந்தது. தகடு இல்லாத மிஷின் கைக்குள் கிடந்து துள்ளியது. சுவிட்சை அணைத்தாள். காலைப் பார்க்கவில்லை, மிஷினைத்தான் கவிழ்த்துப் பார்த்தாள். தகட்டைப் பிடித்திருந்த நாலு திருகாணியில் இரண்டைக் காணோம். மற்ற இரண்டும் ஓட்டையிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. விரல் பட்டதும் உருவிக்கொண்டு வந்தன, கூடவே ஓட்டையின் திருகுமரையும் வெள்ளைத் தூளாகக் கொட்டியது.

திருகாணி மஞ்சளாக இருந்தது. பித்தளை. அவள் மிஷினில் இருந்தது கறுப்பு இரும்பு.

சாத்தூரில் ஒரு கதவுப் பட்டறையை மூடியபோது வாங்கிய பழைய மிஷின் அது. வாங்கிய நாளிலிருந்து அவளைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. தொடக்கூடிய ஆள் வீட்டில் இன்னும் ஒருத்தன்தான் உண்டு.

கற்பகவல்லி செய்வது மருந்துத் தட்டு. பட்டாசுக் கம்பெனியில் உருட்டிய மணிமருந்தைக் காயப்போடுகிற மரத்தட்டு. ஒரு ஆணி கிடையாது. மூங்கில் முளையும் பசையும்தான். தட்டில் சிராய் இருந்தால் மருந்து அதில் அடையும். அடைந்ததைச் சுரண்ட எவளாவது நகத்தை விடுவாள். அதனால் கன்னத்தை வைத்து இழைத்தாலும் உறுத்தாத அளவுக்கு அவள் தேய்ப்பாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று இருநூற்றைம்பது தட்டு கேட்டிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லோடு ஆட்டோ வரும். இந்த லோடு சொன்ன நேரத்துக்குப் போனால் வருசம் முழுக்க ஆர்டர். போகாவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், இவள் மறுபடியும் பட்டாசு வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேனில் ஏறவேண்டும். இனி அந்த வேனில் ஏறமாட்டேன் என்று அவள் சொல்லி இரண்டு வருசமாகிறது.

ஒச்சப்பன் பொழுதடைய வந்தான். அவன் மருந்து கலக்குகிறவன். எத்தனை சோப்புப் போட்டாலும் காது மடிப்பிலும் நகக்கண்ணிலும் அலுமினியப் பொடி மினுங்கும். சைக்கிளைச் சுவரில் சாத்துவதற்குள் அவள் உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதென்ன?"

"திருகாணி."

"அது எனக்கும் தெரியும். யாரு மாட்டுனது?"

ஒச்சப்பன் செருப்பைக் கழற்றினான். தொட்டித் தண்ணீரில் கால் கழுவினான். அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை.

"சனிக்கெழம கரண்டு கட்டு, மிஷின் சும்மாதான கெடந்துச்சு. காலையில நாலு இரும்பையும் கழத்திக் கொண்டுபோனேன். சாயங்காலம் நீ சந்தைக்குப் போனப்ப பித்தளைய மாட்டிட்டேன். மருந்துத் தட்டு மேல ஓடுற மிஷின்ல இரும்பு எதுக்கு? இரும்பு உரசுனாப் பொறி பறக்கும், பித்தளைன்னா பறக்காது."

"மிஷினே இரும்புதான். உள்ள கெடக்க மோட்டாரு எதுல செஞ்சதுன்னு நெனச்சீக, வாழைமட்டையிலயா?"

"உள்ள கெடக்கது வேற புள்ள. அடியில மரத்தை ஒட்டி ஓடுறது வேற. ஒண்ணு லூசாகித் தட்டுல விழுந்து, தூளோட தூளாக் கெடந்து கம்பெனிக்குப் போயிருச்சுன்னு வையி. எவளோ ஒருத்தி அதுல மருந்தைக் கொட்டி கையால பரத்துவா."

அந்த எவளோ ஒருத்தி யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கற்பகவல்லியின் தங்கச்சி யோகலட்சுமி இரண்டு வருசத்துக்கு முன்னால், மூன்று பேரும் வேலை பார்த்த கம்பெனியின் ஒன்பதாம் நம்பர் ரூம் வெடித்துச் செத்தாள். மறுநாள் பேப்பரில் உராய்வினால் விபத்து என்று போட்டார்கள். இந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் உராய்வுதான். எது எதோடு உரசியது, அதை அங்கே கொண்டுவந்து வைத்தவன் யார் என்று ஒருத்தனும் எழுதுவதில்லை. விசாரணைக்கு வந்தவர்களுக்குப் போர்மேன் சோணைமுத்து ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தான். யோகலட்சுமி கொண்டையில் இரும்பு ஊசி குத்தியிருந்தாளாம், சொல்லச் சொல்லக் கேட்கவில்லையாம். அந்தக் கொண்டை ஊசி அவள் வீட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வேனுக்குப் போகும்போது தினமும் கழற்றி மாட்டிவிட்டுப் போவது வழக்கம். கற்பகவல்லி அதை எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் காட்டினாள். ஒரு பொம்பளை ஒரே ஊசியா வைத்திருப்பாள் என்று கேட்டார்கள். ஆறு மாசம் பூட்டிக் கிடந்த கம்பெனியைப் பெயர்ப்பலகை மாற்றித் திறந்தார்கள். ஒச்சப்பன் திரும்பப் போனான். அவள் போகவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா விடமாட்ட."

"விடமாட்டேன்தான். மரை சேந்துச்சா?"

"மொத ரெண்டு சுத்துப் போச்சு. பெறகு கொஞ்சம் எடக்குப் பண்ணுச்சு. திருப்புளிய வச்சு நல்லா முடுக்கி விட்டேன்."

"எடக்குப் பண்ணும்போது கை நிக்கலையா உங்களுக்கு? பித்தளை எங்கன கெடச்சுச்சு?"

"சோணைமுத்துதான் குடுத்தான். இரும்ப வாங்கிப் பாத்துட்டு, இதே தடிமன்தான்னு நாலு கொண்டாந்து தந்தான்."

"என் இரும்பு நாலும்?"

"அவன்ட்டதான் இருக்கு. ஆபீஸ் பெஞ்சு ஆடுதாம், அதுக்கு ஆகும்னான்."

"என் தங்கச்சி தலையில ஊசி குத்துனவன்ட்டப் போயி எனக்குத் திருகாணி வாங்கிட்டு வந்திருக்கீக."

அவள் கஞ்சிச் சட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். வத்தலைத் தனியே ஒரு கிண்ணத்தில் போட்டு அதையும் வைத்தாள். வைத்த வேகத்தில் கஞ்சி தளும்பித் தரையில் கொட்டியது.

"நாளைக்கழிச்சுப் பத்து மணிக்கு ஆட்டோ வருது. தொண்ணூறு தட்டு கெடக்கு. லோடு போகலன்னா நான் வேன் ஏறணும்."

"உன்னைய வேன்ல ஏத்துறதுக்காண்டியா நான் செஞ்சேன்? ஆத்தா சத்தியமா இல்ல புள்ள."

"அது எனக்குத் தெரியும். அதான் எரிச்சலா வருது. வேணும்னு செஞ்சிருந்தா நாலு கேள்வி கேட்டு வெளுத்து விட்டுட்டு நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சு தொலைச்சிருக்கீக, உங்கள நான் என்ன செய்ய?"

ஒச்சப்பன் கஞ்சியைக் குடித்தான். அவள் கோழிக்கூட்டுப் பக்கம் டார்ச்சை அடித்துத் தேடி, காணாமல்போன இரண்டு பித்தளைத் திருகாணியையும் பொறுக்கி எடுத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சிவகாசிக்குப் போனாள். மிஷினைப் பழைய துண்டில் சுற்றி வயர்கூடையில் வைத்து மடியில் ஏந்தியிருந்தாள். புரட்டாசி பாதி போயும் ஒரு சொட்டு மழை இல்லை. கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. வெள்ளையடித்த பட்டாசு ரூம்கள் மட்டும் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டித் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் புருசனை மனதுக்குள் ஒரு ஏச்சு ஏசிக்கொண்டாள்.

அப்துல் ஹக்கீமின் லேத்துப் பட்டறை பிரஸ்காரர்கள் நெருக்கியடித்திருக்கிற ஒரு சந்தில் இருந்தது. காலண்டர் சீசன். சந்து முழுக்க மை வாடை, கட்டுக்கட்டாக சாமி படத் தாள்கள். ஹக்கீம் அச்சு மிஷின் ரோலர் ஒன்றை லேத்தில் மாட்டிக் கடைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வாம்மா என்றார்.

"திங்கக்கெழம நான் பட்டாசு வேன்ல இருப்பேன் பாய். நீங்க மிஷினைச் செஞ்சு என்னத்துக்கு?"

அவர் லேத்தை நிறுத்தினார். துண்டை விலக்கி மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினார். பிறகு அவள் கொடுத்த பித்தளைத் திருகாணியையும் தன் டப்பாவிலிருந்து எடுத்த ஒரு இரும்புத் திருகாணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தா பாருங்க. தடிமன் கண்ணுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கு. பல்லைப் பாருங்க. மொதப் பல்லு சேருது, ரெண்டாவது சேருது, பெறகு ஒண்ணோட ஒண்ணு சேரல. உங்க மிஷினு அஞ்சு எம்.எம். இது ஒண்ணரை நூலு, பழைய இஞ்சு கணக்கு. இதை அதுல முடுக்குனா அலுமினியம் என்ன செய்யும் பாவம், அரைபட்டுப் போயிரும். யாரு செஞ்ச வேலை?"

"எங்க வீட்டுக்காரரு."

"பட்டாசா?"

"மருந்து கலக்குறாரு."

"அதான பாத்தேன். நல்ல இரும்பைக் கழத்திட்டுப் பித்தளைய மாட்டணும்னு வேற எவனுக்கும் தோணாது." ஹக்கீம் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். "அலுமினியத்துல இன்னும் சதை இருக்கும்மா. பெரிசாத் தொளைச்சு, மரை வெட்டி, உள்ள ஒரு புஷ்ஷ, அதான் சின்னக் குழல, எறக்கி, அந்தப் புஷ்ஷுக்குள்ள அஞ்சு எம்.எம். மரை போட்டுத் தாரேன். முன்னையவிட நல்லா நிக்கும்."

"புஷ்ஷு என்னத்துல?"

"இரும்புலதான். உங்க வீட்டுக்காரர்ட்டச் சொல்லிக்கிடாதீக."

ரோலரை ஓரங்கட்டிவிட்டு அவர் வேலையில் இறங்கினார். முதலில் இரும்புக் கம்பியைக் கடைந்து நாலு புஷ் வெட்டினார், ஒவ்வொன்றும் சோளத்தட்டையின் கணு உயரம். பிறகு மிஷினின் உடம்பைத் துளைக்கிற மிஷினுக்குக் கீழே கவிழ்த்து வைத்து, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, நீர்மட்டம் பார்த்தார். ஒரு ஓட்டை சாய்ந்தாலும் தகடு ஒட்டி உட்காராது, தட்டில் வரிவரியாக விழும். நாலையும் துளைத்து முடிக்க ஒரு மணி நேரமானது. அதற்குப் பிறகு கை வேலை. ஓட்டையில் மண்ணெண்ணெயை ஒரு சொட்டு விட்டு, மரை வெட்டுகிற டாப்பை நேராக நிறுத்தி, கைப்பிடியை அரைச் சுற்று முன்னால் திருகி, கால் சுற்றுப் பின்னால் எடுத்தார். மறுபடியும் அரை, மறுபடியும் கால். அலுமினியம் சுருள் சுருளாக மேலே வந்தது.

இரண்டு ஓட்டை முடிந்தபோது பாங்கு சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை. ஹக்கீம் கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஜும்மா. போயிட்டு வந்துதான் செய்யணும். அம்புட்டு நேரம் இருப்பீகளா?"

"நான் திருகட்டுமா? பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"திருகுங்க. ஒண்ணே ஒண்ணு. அது எடக்குப் பண்ணுனா நீங்க மல்லுக்கு நிக்கக்கூடாது. டாப்பு உள்ள ஒடைஞ்சுச்சுன்னா மிஷினைக் கெணத்துல போடவேண்டியதுதான்."

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். பட்டறையில் அவள் மட்டும். மூன்றாவது ஓட்டை ஒழுங்காக ஏறியது. நாலாவதில் ஐந்து சுற்றுப் போனதும் டாப்பு கிறீச்சென்று நின்றது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு கையும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தன. ஒரு முடுக்கு முடுக்கினால் போய்விடும் என்றுதான் கை சொல்லியது. இப்படித்தானே அந்த மனுசனுக்கும் கை சொல்லியிருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் கோபம் இன்னும் கூடத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டாப்பை முழுக்கப் பின்னால் திருகி வெளியே எடுத்தாள். ஓட்டையை ஊதி, அடைந்திருந்த தூளைக் குச்சியால் கிண்டி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை போயிற்று.

ஹக்கீம் வந்து நாலையும் பார்த்தார். நாலாவதை இரண்டு தடவை பார்த்தார். பசை தொட்டுப் புஷ்களை இறக்கினார். தகட்டை வைத்து, புது இரும்புத் திருகாணி நாலை விரலாலேயே திருகி, கடைசி அரைச் சுற்றுக்கு மட்டும் திருப்புளியை எடுத்தார்.

"பழைய இரும்பு இருந்தா பத்திரமா வச்சுக்கோங்க, ஸ்பேருக்கு ஆகும்."

"அது கம்பெனி ஆபீஸ் பெஞ்சுல மாட்டிட்டாகளாம்."

"பெஞ்சுலயா? இம்புட்டுக்காணு திருகாணி பெஞ்சுக்கு எப்படி நிக்கும்?" என்றார் ஹக்கீம். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றரைக்கு வீட்டில் மிஷினைப் போட்டாள். தகடு தட்டின்மேல் அசையாமல் ஓடியது. எட்டு மணி வரைக்கும் கை எடுக்காமல் ஐம்பது தட்டு தேய்த்தாள். ஒச்சப்பன் வந்து, தள்ளி நின்று பார்த்தான். தட்டுகளை எடுத்து அடுக்கினான், தூளைக் கூட்டினான், அவளுக்குக் காப்பி போட்டு வைத்தான். அவள் காப்பியைக் குடித்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. நாற்பது தட்டு மீதி இருந்தது. காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்கு முடிந்துவிடும்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு ஒச்சப்பன் சைக்கிளில் போய்விட்டான். மருந்து கலக்குகிறவர்கள் சூடு ஏறுவதற்கு முன்னால் கலக்கி முடித்தாக வேண்டும். கற்பகவல்லி ஆறு மணிக்கு மிஷினைப் போட்டாள். ஆறாவது தட்டில் இருந்தபோது பெண்கள் வேன் தெருவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. முன்சீட்டிலிருந்து சோணைமுத்து இறங்கினான். ஊர் அவனை அவர், இவர் என்கிறது. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அப்படி வாய் வரவில்லை. மணிக்கட்டில் பட்டையான ஸ்டீல் வாட்ச், இடுப்பில் இரும்புக் கொளுவி வைத்த பெல்ட். பெண்களின் சேலை ஊக்கை எண்ணி வாங்கி வைக்கிற கம்பெனியில், அந்த வாட்சோடும் பெல்ட்டோடும்தான் அவன் இருபது வருசமாக ரூம் ரூமாகப் போய்வருகிறான்.

"என்ன கற்பகம், மிஷினுச் சத்தம் நாலு தெருவுக்குக் கேக்குது. வேன்ல ஒன் எடம் அப்படியே கெடக்கு. சீசனு, ஆளு பத்தல. வாரியா?"

அவள் மிஷினை அணைத்தாள். டப்பாவிலிருந்து நாலு பித்தளைத் திருகாணியையும் எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க உங்க சாமான். நாலு இருக்கான்னு பாத்துக்கோங்க. என் இரும்பு நாலையும் குடுத்து விடுங்க, ஸ்பேருக்கு வேணும்."

"அது இனிமே எங்கிட்டு. டேபிள்ல போட்டாச்சு."

"ஆபீஸ் பெஞ்சுக்குன்னீகளாம்?"

"பெஞ்சோ டேபிளோ. ஸ்டோர்ல பித்தளை தீந்து ரெண்டு மாசமாச்சு, ஆர்டர் போட்டும் வரல. ஒன் வீட்டுக்காரன் பொண்டாட்டிக்கு வேணும், பொண்டாட்டிக்கு வேணும்னு என் உசுர எடுத்தான். இருக்கதுல கழத்திக் குடுத்தேன். கழத்துன எடத்தை ஓட்டையா விடமுடியுமா?"

"எதுல கழத்துனீக?"

சோணைமுத்து வாட்சைத் திருகி விட்டுக்கொண்டான்.

"பலகைதான. மரத்துல எதை முடுக்குனாலும் புடிச்சுக்கிடும். பெயிண்டு தொட்டு வச்சிருக்கேன். மேல ரப்பர் சீட்டு விரிச்சிருக்கு, ஒண்ணும் தெரியாது."

"எந்த ரூமு?"

"நாலு."

கலக்குகிற மருந்தை ஒச்சப்பன் சலிப்பது அந்த நாலாம் நம்பர் ரூமில்தான். அந்த மேசையில் சல்லடையை வைத்து, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துச் சலிப்பான். இந்நேரம் முதல் கலவையைக் கொட்டியிருப்பான். அவள் மிஷினில் இரும்பு கூடாது என்று அவன் கழற்றிக் கொண்டுபோன அதே நாலு திருகாணி ஒரு வாரமாக அவன் கைக்குக் கீழேயே கிடக்கிறது.

அவன் வாங்காத பித்தளை நாலையும் கற்பகவல்லி முந்தியில் முடிந்துகொண்டாள்.

"போனைப் போடுங்க."

"உள்ள போனு கெடையாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"கேட்டுக்குப் போடுங்க."

"போட்டு? ரூமைக் காலி பண்ணுங்கன்னு சொல்லவா? சீசன்ல ஒரு நாளு நின்னா மொதலாளி என்னையத்தான் கேப்பாரு. மத்தியானம் நானே மாத்திப்பிடுதேன். ஒரு வாரமாக் கெடக்கு, என்ன ஆகிப்போச்சு இப்ப?"

"எங்க யோகம் பதினோரு வருசம் வேலை பாத்தா. அம்புட்டு நாளும் ஒண்ணும்தான் ஆகல."

பிளக்கைப் பிடுங்கினாள். தேய்க்காத தட்டு முப்பத்தைந்து அப்படியே கிடந்தது. ஆட்டோ பத்து மணிக்கு வந்துவிடும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். வேனுக்குப் போய், இரண்டு வருசமாக ஏறமாட்டேன் என்றிருந்த படியில் ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள் டிரைவரிடம். "எடுக்கலன்னா இங்கனயே எல்லாரையும் எறக்கிச் சொல்லிப்பிடுவேன்."

சோணைமுத்து ஏதோ சொல்ல வந்தான். வேனுக்குள் முப்பது பெண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான்.

கம்பெனிக்கு ஏழு கிலோமீட்டர். அணைக்கட்டு ரோடு தாண்டியதும் பெண்கள் வழக்கம்போல ஊசியையும் ஊக்கையும் கழற்றி முந்தியில் முடிய ஆரம்பித்தார்கள். கற்பகவல்லியின் கையும் தன்னால் மாராப்புக்குப் போய் ஊக்கைக் கழற்றியது. கழற்றிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஜன்னல் வழியே வெளியே எறிந்தாள்.

கேட்டில் பெண்களைச் சோதிக்கிறவள் வெள்ளைத்தாய். ஐம்பது வயது, தடித்த உடம்பு, எல்லாருடைய தலையிலும் இடுப்பிலும் கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். வரிசையில் முதல் ஆளாகக் கற்பகவல்லி நிற்பதைப் பார்த்து அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"திரும்ப வந்துட்டியா?" என்றபடி கொண்டையில் கை வைத்தாள்.

"எங்கிட்ட இரும்பு இல்ல மதினி. உள்ள இருக்கு. நாலு. நாலாம் நம்பரு ரூம்ல, எங்க வீட்டுக்காரரு சலிக்கிற மேசையில, ரப்பர் சீட்டுக்கு அடியில. போர்மேன்தான் முடுக்கி வச்சிருக்காக. கேட்டுப் பாருங்க."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது. வெள்ளைத்தாயின் கை கொண்டையிலேயே நின்றது. சோணைமுத்து முன்னால் வந்தான்.

"அவ கெடக்கா. வரிசையை விடுங்க, நேரமாகுது. ஏ, உள்ள போங்க."

ஒருத்தியும் நகரவில்லை. வெள்ளைத்தாய் கையை எடுத்தாள். அவள் சோணைமுத்துவைப் பார்த்துப் பேசியதை அதற்கு முன்னால் அங்கே யாரும் கேட்டதில்லை.

"அன்னைக்கு யோகலட்சுமி தலையில ஊசி இல்ல. இதே கையால தடவிப் பாத்து நான்தான் உள்ள விட்டேன். நீக ஊசின்னீக. வேலை போயிரும்னு நான் வாயத் தொறக்கல. ரெண்டு வருசமாச் சோறு எறங்கல எனக்கு."

சொல்லிவிட்டு வாட்ச்மேன் ரூமுக்குள் போய் மணியை இழுத்து அடித்தாள். ஆபத்துக்கு மட்டும் அடிக்கிற மணி. ரூம் ரூமாகக் கதவுகள் திறந்தன. ஆட்கள் ஓடி வந்தார்கள். நாலாம் நம்பரிலிருந்து ஒச்சப்பன் வெறுங்காலோடு, தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளிப் பொடியாக வந்தான். அவளைப் பார்த்ததும் ஓட்டம் நின்று நடையானது.

"நீ எதுக்குப் புள்ள இங்க வந்த? லோடு என்னாச்சு?"

அவள் அவன் கையைப் பிடித்தாள். பொடி அவள் கையிலும் ஒட்டியது. நாலு பித்தளைத் திருகாணியை அவன் உள்ளங்கையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறியது அந்தப் பொடிக்கு மேலேயும் தெரிந்தது.

"நான் கழத்திட்டு வாரேன்" என்று திரும்பினான்.

அவள் கையை விடவில்லை.

"நீக போகக்கூடாது. முடுக்குனவுக கழத்தட்டும்."

சோணைமுத்து கூட்டத்தைப் பார்த்தான். சாயங்காலம் பார்க்கலாம் என்றான், மொதலாளிக்குப் போன் போடுகிறேன் என்றான், நாளைக்கு ஒருத்தருக்கும் வேலை கிடையாது என்றான். வரிசையில் நின்ற பெண்கள் நின்ற இடத்திலேயே புழுதியில் உட்கார்ந்தார்கள். வெள்ளைத்தாய் பித்தளைத் திருப்புளியைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். வெகுநேரம் நீட்டிக்கொண்டே நின்றாள். கடைசியில் அவன் வாங்கினான்.

மருந்தை ஈரச்சாக்கால் மூடிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று ஒச்சப்பன் சொல்லி அனுப்பினான். சோணைமுத்து தண்ணீரில் நனைத்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தான். நாலாம் நம்பர் வாசலில் போய் நின்றான். திருப்புளியைத் தரையில் வைத்தான். பெல்ட்டை உருவிப் படிக்கு வெளியே போட்டான். பிறகு வாட்சைக் கழற்றினான். இருபது வருசத்தில் அவன் அதைக் கழற்றி அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.